ஆல்பா 0.80 வந்துவிட்டால் ஆளுமையே அளந்தாகிவிட்டதா?

அமெரிக்காவில் ரென்ட்-ஏ-சென்டர் என்று ஒரு கடைத்தொடர். டிவி, சோபா, வாஷிங் மெஷின் இதெல்லாம் வாடகைக்கு விடுகிற வியாபாரம். இல்லினாய்ஸ் மாநிலத்தில் அந்தக் கடைகளில் வேலை பார்த்த அண்ணன் தம்பி மூன்று பேர் பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டார்கள். ஆசைப்படுவதில் தப்பில்லையே. அதற்குக் கம்பெனி ஒரு பரீட்சை வைத்திருந்தது. ஒன்பது தேர்வுகள் கொண்ட கட்டு. கணக்கு தெரியுமா, மொழி தெரியுமா என்பதோடு நிற்காமல், உள்ளே வேறு 502 கேள்விகளையும் சொருகியிருந்தார்கள்.

அந்த 502-ம் எம்.எம்.பி.ஐ.யிலிருந்து எடுத்தவை. 'மினசோட்டா மல்ட்டிஃபேசிக் பர்சனாலிட்டி இன்வென்டரி' என்பதன் சுருக்கம் அது. மருத்துவமனையில் மனநோயை அடையாளம் காண்பதற்காக உருவான வினாப்பட்டியல். தூக்கம் எப்படி, வயிறு எப்படி, சாமி நம்பிக்கை உண்டா, அடுத்தவருக்குக் கேட்காத குரல் கேட்கிறதா... 'சரி', 'தவறு' என்று டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும். மதிப்பெண்ணில் 'விலகல்' பன்னிரண்டைத் தாண்டினால் பதவி உயர்வுக்குப் பெயரையே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சகோதரர்களுக்குத் தாண்டியது. அவ்வளவுதான், கதை முடிந்தது. சோபா வாடகைக் கடையில் மேலே போக, மனநோய் அளவுகோலில் பாஸாக வேண்டும் (!).

அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே என்ன ஆனது என்பது கடைசியில். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த எண் உண்மையா?

இப்படிக் கேட்டால் உளவியல்காரர்களும் ஹெச்.ஆர். ஆட்களும் ஒரே குரலில் சொல்லும் பதில், "இது வேலிடேட் செய்யப்பட்ட ஸ்கேல்" என்பதுதான். பிரஷர் குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி. முத்திரை இருக்கிறதா, இருக்கிறது, போய்க்கொண்டே இருங்கள். அந்த முத்திரையைக் குத்துவது எப்படி என்று பார்த்தால்தான் விஷயம் சிரிப்பாகவும் பயமாகவும் இருக்கிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமா? இல்லை என்று பதினோராம் வகுப்புப் புத்தகமே சொல்கிறது. பற்றும் வரவும் சமம், அவ்வளவுதான் அது காட்டும். மெஷின் வாங்கிய செலவைச் செலவுக் கணக்கில் எழுதினாலும் டேலி ஆகும். ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டினாலும் டேலி ஆகும். நடக்காத விற்பனையை இரண்டு பக்கமும் ஒழுங்காக எழுதினால் அதைவிட அழகாக டேலி ஆகும். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரம் வெடித்தபோது, 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் காகிதத்தில் மட்டுமே இருந்தது என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதுவரை பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாமலா இருந்தது?

ஆளுமையை அளக்கும் அளவுகோல்களின் டிரையல் பேலன்ஸ்தான் கிரான்பாக் ஆல்பா. லீ கிரான்பாக் 1951-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பிரபலமானது. ப்ராஜெக்ட் செய்தவர்களுக்குத் தெரியும்: எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் போட்டு 0.7-ஐத் தாண்டினால் கைடு முகத்தில் ஒரு மலர்ச்சி, 0.8 என்றால் நமக்கே ஒரு கெத்து. ஆனால் ஆல்பா பார்ப்பது என்ன? கேள்விகளுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும். ஒரே கேள்வியை இருபது விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டால் ஆல்பா ஜோராக ஏறும். கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே பெரும்பாலும் ஏறும். அந்த இருபது கேள்வியும் சேர்ந்து எதை அளக்கின்றன என்று ஆல்பாவுக்குத் தெரியாது. தெரியும் என்று கிரான்பாக் சொன்னதும் இல்லை. அவர் இறந்த பிறகு 2004-ல் வெளிவந்த கட்டுரையில், ஆல்பாவைவிட நல்ல வழிகள் வந்துவிட்டன என்றுதான் எழுதியிருந்தார். யார் கேட்டார்கள்? பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டார்கள்.

உள்ளுக்குள் ஒத்துப்போவதை நம்பகத்தன்மை என்பார்கள். அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. முதலாவது டேலி. இரண்டாவது, கல்லாவைத் திறந்து பணத்தை எண்ணிப் பார்ப்பது. ஆளுமைக் கோளாறு விஷயத்தில் அந்தக் கல்லா எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கலே. சர்க்கரை வியாதிக்கு ரத்தம் இருக்கிறது. எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. ஒருவருக்கு 'சமூக விரோத ஆளுமை' என்று காட்ட எந்த ரத்தமும் எந்தப் படமும் இல்லை. அப்படியானால் வினாப்பட்டியலை எதோடு ஒப்பிட்டு 'சரி' என்றார்கள்?

எம்.எம்.பி.ஐ.யின் கதையைப் பார்க்கலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டார்க் ஹாத்வே என்ற உளவியலாளரும் சார்ன்லி மெக்கின்லி என்ற மருத்துவரும் உருவாக்கி 1943-ல் வெளியிட்டார்கள். அவர்கள் வழி எளிமையானது. கேள்வி என்ன சொல்கிறது என்பது முக்கியமில்லை. நோயாளிகள் ஒரு மாதிரியும் நோயில்லாதவர்கள் வேறு மாதிரியும் பதில் சொன்னால் அந்தக் கேள்வி அளவுகோலில் சேரும். கேட்க நேர்மையான வழிதான். ஆனால் எல்லாமே இரண்டு குழுக்களைப் பொறுத்தது. யார் 'நார்மல்'? யார் 'நோயாளி'?

நார்மல்கள் 724 பேர். பல்கலைக்கழக மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள், நண்பர்கள். சராசரி எடுத்தால் முப்பத்தைந்து வயது, கல்யாணமானவர், எட்டாவது வரை படிப்பு, கிராமம் அல்லது சிறு ஊர், ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். ஆரஞ்சுப் பையோடு வார்டுக்கு வெளியே காத்திருந்த இந்த ஜனங்கள்தான் 1989-ல் திருத்திய பதிப்பு வரும்வரை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, ஓர் அமெரிக்கர் எப்படி இருந்தால் சரி என்பதற்கு அளவு. சிகாகோவின் கறுப்பினப் பெண்ணும் நியூயார்க்கின் பேராசிரியரும் டெக்சஸின் மெக்சிகோ தொழிலாளியும் அவர்களிடமிருந்து எவ்வளவு விலகுகிறார்கள் என்பதற்குப் பெயர் நோய்க்குறி. இது வேலிடேட் செய்யப்பட்டது!

அடுத்த பக்கம் இன்னும் மோசம். நான்காவது அளவுகோல், இன்றைக்கு சமூக விரோத ஆளுமை என்று பேசப்படுவதற்கு அருகில் வருவது. அதற்கு 'நோயாளிக் குழு'வாக இருந்தவர்கள் பெரும்பாலும் 17 முதல் 22 வயதுக்குள்ளான இளசுகள், கோர்ட் அனுப்பி வந்தவர்கள். பொய், சின்னத் திருட்டு, பள்ளிக்குப் போகாமல் சுற்றுவது, குடி, அந்தக் காலத்துக்கு ஒவ்வாத பாலுறவுப் பழக்கம் இவைதான் குற்றப் பட்டியல். ஊரும் கோர்ட்டும் யாரைப் பார்த்து முகம் சுளித்ததோ அவர்கள் பதில் சொன்ன விதம், நோயின் கையெழுத்து ஆகிவிட்டது.

ஐந்தாவது அளவுகோலைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகும் 'வேலிடேட்டட்' என்ற சொல்லை ஒருவர் கூசாமல் சொல்ல முடிந்தால் அவருக்குப் பெரிய மனசு. ஆண்மை-பெண்மை அளவுகோல் என்று பெயர். ஓரினச்சேர்க்கையைக் 'கண்டுபிடிப்பது' நோக்கம். அடிப்படைக் குழு எத்தனை பேர் தெரியுமா? பதின்மூன்று ஆண்கள். ஒப்பிட்டது 54 சிப்பாய்களோடு. பெண்மை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே, அதற்கு விமான கம்பெனியில் வேலை பார்த்த 67 பெண்கள். பதின்மூன்று பேர்! வகுப்பில் பதின்மூன்று பேரிடம் கருத்துக்கணிப்பு எடுத்து ப்ராஜெக்ட் கொடுத்தால் வைவா நடத்துபவர் என்ன சொல்வார்? 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஓரினச்சேர்க்கை நோயே இல்லை என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நோய் போய்விட்டது, அதை அளக்கும் அளவுகோல் மட்டும் அப்படியே நின்றது. 1989 திருத்தத்திலும் ஐந்தாம் எண் அதன் இடத்தில்தான் இருந்தது, இப்போது ஆர்வங்களை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு. இல்லாத கடனாளியின் பெயரில் வருஷா வருஷம் பாக்கியைக் கொண்டுபோகிற மாதிரி.

இங்கே ஒரு இடைச்செருகல். இந்தப் பட்டியலிலேயே பொய் சொல்பவரைப் பிடிக்க 15 கேள்விகள் கொண்ட தனி அளவுகோல் உண்டு. சின்னச் சின்னக் குற்றங்களைக்கூட 'செய்ததே இல்லை' என்று மறுத்தால் மார்க் ஏறும். தலைமுறையாக பக்தியும் கட்டுப்பாடுமாக வளர்ந்தவர்களுக்கும் இதில் மார்க் ஏறுவது தெரிந்த விஷயம். உண்மையாகவே கோபத்தை அடக்கி வாழ்ந்த பாட்டி, அளவுகோலின் கண்ணுக்குப் புளுகுணி.

பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பார்கள். கொஞ்சம் மாறியது உண்மைதான். 1989 பதிப்புக்கு ஏழு மாநிலங்களிலிருந்து 2,600 பேரை எடுத்தார்கள். 2020-ல் மூன்றாம் பதிப்பும் வந்தது. வேறு பட்டியல்களும் ஏராளம். ஆனால் அடிப்படைச் சிக்கல் அங்கேயே நிற்கிறது: புதிய வினாப்பட்டியலை எதோடு ஒப்பிடுகிறார்கள்? இன்னொரு வினாப்பட்டியலோடு, அல்லது ஒரு மருத்துவரின் நேர்காணலோடு. அந்த நேர்காணலை எதோடு ஒப்பிட்டார்கள்? கிளை மேனேஜர் கணக்கு சரி என்று ஹெட் ஆபீஸ் கையெழுத்துப் போடுகிறது. ஹெட் ஆபீஸ் கணக்கு சரி என்று கிளை மேனேஜர் கையெழுத்துப் போடுகிறார்.

சரி, அப்படி ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டாலும் ஒத்தாவது போகிறார்களா என்றால், அதுவும் இல்லை. ஆளுமைக் கோளாறைக் கண்டறியும் பல முறைகளை ஒரே நோயாளிகள் மீது போட்டுப் பார்த்த ஆய்வுகளை 1992-ல் கிறிஸ்டோபர் பெரி தொகுத்துப் பார்த்தார். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் கப்பா என்ற எண்ணில் பூஜ்யம் என்றால் காசு சுண்டிப் போட்டது மாதிரி, ஒன்று என்றால் முழு ஒற்றுமை. முறைகளுக்கிடையே கிடைத்தது கால் பங்கை ஒட்டி. அதாவது காலையில் ஒரு பட்டியல், மாலையில் இன்னொரு பட்டியல் என்று எழுதினால் அதே ஆள் இரண்டு வேறு மனிதர். இரண்டு பட்டியலின் கையேட்டிலும் ஆல்பா பிரமாதம்.

அளக்கப்படும் பொருளே நிலையாக இல்லை என்பது இன்னொரு பக்கம். 'பார்டர்லைன்' ஆளுமைக் கோளாறு என்று சொல்ல, அமெரிக்கக் கையேட்டில் உள்ள ஒன்பது அறிகுறிகளில் ஏதாவது ஐந்து போதும். பெர்முடேஷன் காம்பினேஷன் போட்டுப் பாருங்கள்: 126, 84, 36, 9, 1. கூட்டினால் 256 வழிகள். இரண்டு பேருக்கு ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருந்து, மிச்சமெல்லாம் வேறாக இருந்தும் ஒரே பெயர் கிடைக்கலாம். நான்கு இருப்பவருக்கு நோய் இல்லை, ஐந்து இருப்பவருக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 பட்டியலில் பழைய தனித்தனிப் பெயர்களையே தூக்கிவிட்டு, எவ்வளவு கடுமை என்று மட்டும் முதலில் பார்க்கச் சொல்லிவிட்டது. அந்தப் பழைய பெயர்களுக்காக 'வேலிடேட்' செய்த அளவுகோல்களின் கதி? கம்பெனியே கலைந்துவிட்டது, ஷேர் சர்டிபிகேட் பத்திரமாக பீரோவில் இருக்கிறது.

இதெல்லாம் சரிசெய்து மிக நல்ல அளவுகோல் ஒன்றைச் செய்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். கோளாறு உள்ளவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடிக்கும், இல்லாதவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை விட்டுவிடும். இது தாராளமான கற்பனை. ஒரு கம்பெனியில் ஆயிரம் ஊழியர்கள், அவர்களில் உண்மையில் கோளாறு உள்ளவர்கள் இருபது பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இருபதில் பதினெட்டுப் பேர் மாட்டுவார்கள். மீதி 980 பேரில் பத்து சதவீதம், 98 பேரும் மாட்டுவார்கள். மொத்தம் 116 பேர் மீது முத்திரை. அதில் 98 பேர் அப்பாவிகள். இதே கணக்கை மருத்துவமனையில் போட்டால் முடிவு வேறு. அங்கே வருபவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு இருந்தால், மாட்டுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உண்மையான நோயாளிகள். அளவுகோல் அதேதான், மார்க் அதேதான், போட்ட இடம்தான் வேறு. ஆகவே 'வேலிடேட்டட்' என்பது அளவுகோலின் குணமே இல்லை. எங்கே, யாரிடம், எதற்காக என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமும் இல்லை. மருத்துவமனையில் வேலிடேட் செய்ததை சோபா கடைக்குக் கொண்டுபோவது, தங்கத் தராசில் சிமென்ட் மூட்டையை நிறுத்துவது மாதிரி.

இந்தக் கணக்கு புதிதும் இல்லை. பால் மீல், ஆல்பர்ட் ரோசன் இருவரும் 1955-லேயே எழுதிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் மீல் வெளி ஆள் இல்லை. மினசோட்டாக்காரர், எம்.எம்.பி.ஐ.யின் ஒரு அளவுகோலையே ஹாத்வேயோடு சேர்ந்து செய்தவர்.

மீலின் பெயரைச் சொன்னதும் எதிர்த்தரப்புக்குத் தெம்பு வரும். மருத்துவரின் உள்ளுணர்வைவிடச் சூத்திரம் மேல் என்று 1954-ல் புத்தகம் போட்டவர் அவர்தானே? வினாப்பட்டியலை ஒழித்துவிட்டால் டாக்டரின் மூடைப் பொறுத்துத்தானே நோய் முடிவாகும்? நல்ல கேள்வி. இதற்கு முழுப் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மனிதர்கள் தங்கள் கண்ணை நம்பி செய்த அநியாயங்கள் வினாப்பட்டியல் செய்ததைவிடக் குறைவில்லை. சிகிச்சை தேடி வருபவரிடம் பேச்சைத் தொடங்க, எதையும் விட்டுவிடாமல் கேட்க, பட்டியல் உதவும். அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தப்பு செய்கிற தராசுக்கு மாற்று, தப்பை மறைக்கிற தராசு ஆகாது. டாக்டர் தப்பாகச் சொன்னால் "இன்னொருத்தரைப் பார்க்கலாம்" என்று எழுந்து போகலாம். எண்ணோடு யார் வாதாடுவது?

எண்ணும் தானாக வருவதில்லை என்பது அடுத்த கூத்து. ராபர்ட் ஹேர் உருவாக்கிய பி.சி.எல்.-ஆர் என்ற சைக்கோபதி பட்டியல் 20 அம்சங்கள் கொண்டது, மொத்தம் 40 மார்க். இது ஆள் தானே நிரப்புவது இல்லை, பயிற்சி பெற்ற நிபுணர் கேஸ் கட்டைப் பார்த்துப் போடுவது. கைதியை விடலாமா வேண்டாமா என்ற முடிவில் இதற்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் மரண தண்டனை வழக்குகளிலும் இழுத்திருக்கிறார்கள். 2013-ல் வந்த ஒரு ஆய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களுக்கு ஒரே கேஸ் கட்டுகளைக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் அரசுத் தரப்பு அமர்த்தியிருப்பதாகவும், பாதிப் பேரிடம் எதிர்த்தரப்பு என்றும் சொன்னார்கள். அரசுத் தரப்பு என்று நம்பியவர்கள் போட்ட மார்க், மொத்தத்தில் கூடுதலாக இருந்தது! கட்சிக்காரர் ஃபீஸ் கொடுக்கும் ஆடிட்டரின் சுதந்திரம் பற்றி செமஸ்டர் தோறும் பத்து மார்க் கேள்வி வருகிறதே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

குறை சொல்பவர்களுக்கு என்ன மரியாதை? அதே பட்டியலை விமர்சித்து ஜெனிஃபர் ஸ்கீம், டேவிட் குக் எழுதிய கட்டுரை ஒரு ஆய்விதழில் ஏற்கப்பட்ட பிறகு, 2007-ல் ஹேரின் தரப்பிலிருந்து அவதூறு வழக்கு எச்சரிக்கை போனது. தன் வேலையைத் திரித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவர் வாதம். கட்டுரை அச்சில் வந்தது 2010-ல். திரித்தார்களா இல்லையா என்பது நிபுணர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் ஒரு அளவுகோல் சரியா என்ற விவாதம் வக்கீல் ஆபீஸ் வழியாகப் போய் மூன்று வருஷம் கழித்து வெளியே வந்தால், அந்தத் துறையின் தணிக்கையை எந்த மூஞ்சியோடு நம்புவது?

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. செய்தவரும் விற்பவரும் அல்லாத வேறு ஆட்கள் சோதித்தார்களா? இந்த ஊரில், இந்த மொழியில், இந்த வேலைக்கு சோதித்தார்களா? எத்தனை அப்பாவிகள் மாட்டுவார்கள் என்ற எண் கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறதா, ஆல்பா இருக்கிற அதே எழுத்து சைஸில்? இதற்குப் பதில் இல்லாத பட்டியலை வைத்து ஒருவரின் வேலையையோ, விவாகரத்து வழக்கில் குழந்தை யாரிடம் என்பதையோ முடிவு செய்வது அறிவியல் இல்லை. அதற்கு ஜாதகமே மேல். ஜோசியராவது பரிகாரம் சொல்வார்.

அந்தச் சகோதரர்களின் வழக்கு 2005-ல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிவானது. 'நாங்கள் மருத்துவ முறையில் மார்க் போடவில்லை, வேலைக்கான முறையில்தான் போட்டோம்' என்றது கம்பெனி. மனநோயை வெளிக்கொண்டு வரும் நோக்கமும் உள்ள பட்டியல் என்பதால் இது மருத்துவப் பரிசோதனைதான், 1990-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இதைப் பதவி உயர்வுக்கு வைத்தது செல்லாது என்றது நீதிமன்றம். சகோதரர்கள் ஜெயித்தார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது, அதைத் தாண்டியதால் அவர்களிடம் உண்மையிலேயே ஏதாவது கோளாறு இருந்ததா என்பதை நீதிமன்றம் தீர்த்துவைக்கவில்லை. வழக்குக்கு அது தேவைப்படவே இல்லை.